இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: தேதி குறித்த நாள் முதல் ஓராண்டு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கப்பட்டதும் எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர், எவ்வளவு செலவு என்ற மூன்று கேள்விகளிலேயே குடும்பத்தின் கவனம் முழுவதும் சென்றுவிடுகிறது. தேவையான கேள்விகள்தாம். ஆனால் அறுவை அரங்கில் கழியப்போவது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதன்பின் வீட்டில் கழியும் முதல் ஆறு வாரங்களே, புதிய மூட்டு நன்றாக நிலைபெறுகிறதா, நோயாளி எவ்வளவு விரைவில் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்பனவற்றைப் பெருமளவு தீர்மானிக்கின்றன.

நம் வீடுகள் தரையை ஒட்டி வாழ்வதற்காக அமைந்தவை. அரிவாள்மனையில் காய் நறுக்குவது, வாசலில் குனிந்து கோலமிடுவது, சம்மணமிட்டுச் சாப்பிடுவது, பூஜை அறையில் மனையில் அமர்வது, துவைக்கிற கல்லின் முன் குந்துவது, இந்தியன் டாய்லெட்டைப் பயன்படுத்துவது ஆகிய எல்லாவற்றிலும் இடுப்பு ஆழமாக மடங்குகிறது. தொடக்க வாரங்களில் புதிய மூட்டுக்கு ஆகாத நிலை அதுதான். ஆகவே வீட்டின் அன்றாடக் காரியங்களை முழங்கால் உயரத்துக்கு மேலே ஏற்றி வைப்பதே இந்தத் தயாரிப்பின் பெரும்பகுதி என்பது என் கருத்து. இங்கேயும் அதற்கே அதிக இடம் தந்திருக்கிறேன். இவை பொதுவான நடைமுறைகள். உங்கள் மருத்துவர் உங்கள் உடலைப் பார்த்துச் சொல்வது இவற்றிலிருந்து வேறுபட்டால் அவர் சொல்வதையே பின்பற்ற வேண்டும்.

எதை மாற்றுகிறார்கள்

இடுப்பு மூட்டு என்பது தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணத்துக்குள் சுழலும் அமைப்பு. முதுமைத் தேய்மானம், முடக்குவாதம், முதுகெலும்பை இறுக்கும் வாத நோய், பிறவிக் குறைபாடு, எலும்பு முறிவு எனப் பல காரணங்களால் இது கெடலாம். நம் நாட்டில் நாற்பது வயதுக்குட்பட்டவர்களும் இந்த அறுவைக்கு வருவதற்கு முக்கியக் காரணம், தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் தடைபட்டு அது உள்ளுக்குள்ளேயே சிதைந்துபோவது. நீண்ட நாள் ஸ்டீராய்டு உட்கொண்டவர்களுக்கும் மிகையாக மது அருந்துபவர்களுக்கும் இது அதிகம் வருகிறது. சிதைந்த தலையை நீக்கி, தொடை எலும்பின் உள்ளே ஓர் உலோகத் தண்டைப் பொருத்தி, அதன் மேல் உலோகம் அல்லது பீங்கானாலான பந்தை வைத்து, இடுப்பெலும்பின் குழிவில் ஒரு செயற்கைக் கிண்ணத்தையும் பொருத்துகிறார்கள்.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962-ல் நிலைநிறுத்திய முறையே இன்றைய அறுவைக்கு அடிப்படை. அவர் முதலில் டெஃப்லானால் செய்த கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து தோல்வியடைந்தன. அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகுதான் மூட்டு நீடித்தது. எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பல்லாண்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான மதிப்பீட்டின்படி, 100 மூட்டுகளில் ஏறக்குறைய 58 மூட்டுகள் 25 ஆண்டுகள் வரை தாக்குப்பிடிக்கின்றன. அந்தக் கணக்கில் வருபவை கால் நூற்றாண்டுக்கு முன் பொருத்தப்பட்டவை. இப்போதைய பாலிஎத்திலீன் அவற்றைவிடத் தேய்மானம் குறைந்தது.

மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

அறுவைக்கு முந்தைய சந்திப்புக்கு ஒரு நோட்டுப் புத்தகத்துடன் செல்லுங்கள். வீட்டில் உடனிருந்து கவனிக்கப்போகிறவரையும் அழைத்துச் செல்லுங்கள். மூட்டை எந்தப் பக்கத்திலிருந்து திறக்கப் போகிறார்கள் என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும், ஏனெனில் பின்னால் கடைப்பிடிக்க வேண்டிய தடைகள் அதைப் பொறுத்தே மாறுகின்றன. பின்பக்கமாகத் திறந்தால், இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குவதும், கால் மேல் கால் போடுவதும், பாதத்தை உட்புறமாகத் திருப்புவதும் ஆகாது. முன்பக்கமாகத் திறந்தால், காலைப் பின்னோக்கி நீட்டிப் பாதத்தை வெளிப்புறமாகத் திருப்புவதே அபாயம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவருடைய மருத்துவர் சொன்ன விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

மூட்டை எலும்போடு பிடிக்கவைக்கும் மருத்துவச் சிமெண்ட் வைத்துப் பொருத்துகிறார்களா, சிமெண்ட் இல்லாமலா, முதல் நாளிலிருந்தே முழு எடையையும் ஊன்றலாமா, எத்தனை வாரம் வாக்கர் தேவைப்படும், தரையில் அமர எப்போதாவது அனுமதி உண்டா ஆகியவற்றையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மருத்துவர்களிடையே ஒரே விடை கிடையாது. சிலர் பல மாதங்களுக்குப் பிறகு சம்மணமிட அனுமதிக்கிறார்கள். குந்தி அமர்வதையும் இந்தியன் டாய்லெட்டையும் வாழ்நாள் முழுதும் தவிர்க்கச் சொல்பவர்களே அதிகம்.

செலவைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த அறுவை செய்யப்படுகிறது. குடும்ப அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள், மூட்டு மாற்றுக்கான காத்திருப்புக் காலம் தங்கள் பாலிசியில் முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்ததை நினைவில் வைத்துக்கொண்டு இடுப்புக்கும் அதே விலை என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். அந்த ஆணை முழங்காலுக்கானது. ஆகவே மூட்டின் விலையைத் தனியாகக் குறிப்பிட்ட மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உடலைத் தயார்செய்தல்

ஆறு வாரங்கள் கையிலிருந்தால் போதுமானது. புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன் முற்றிலும் நிறுத்த வேண்டும். புகை, காயம் ஆறுவதையும் நுரையீரலையும் ஒருங்கே கெடுக்கிறது. சர்க்கரை நோயாளிகள் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவை மருத்துவர் கேட்கும் எல்லைக்குள் கொண்டுவராவிட்டால் அறுவை தள்ளிப்போடப்படலாம். இரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்யவே வாரங்கள் ஆகும் என்பதால் இரத்தப் பரிசோதனையைக் கடைசி வாரத்துக்கு விட்டுவைக்காதீர்கள். இடுப்பு மூட்டுக்குள் அண்மையில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வழக்கமாக மூன்று மாத இடைவெளி விட்டே அறுவை செய்வார்கள்.

உடலில் வேறெங்கோ உள்ள சிறு புண்ணின் கிருமி, இரத்தத்தின் வழியே புதிய மூட்டை அடைந்து அங்கே குடியேறிவிட முடியும். சொத்தைப் பல்லை அறுவைக்கு முன்பே பிடுங்கவோ அடைக்கவோ வேண்டும். சிறுநீர் எரிச்சலை மறைக்கக் கூடாது. நம்மவர் பொருட்படுத்தாத பித்தவெடிப்பு, சேற்றுப்புண், நகச்சுத்தி ஆகியவற்றுக்காகவும் அறுவை தள்ளிவைக்கப்படுவதுண்டு. எனவே தினமும் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, விளக்கொளியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அறுவை செய்யும் இடத்திலுள்ள முடியை வீட்டில் பிளேடால் மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல்களிலும் கிருமி சேரும்.

மருந்துப் பட்டியலில் எதையும் விடாதீர்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்துகளை எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைச் சுமார் மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். நீண்ட நாளாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அதைத் தாமாக ஒருபோதும் நிறுத்தக் கூடாது. சித்த மருந்து, லேகியம், கடையில் வாங்கிய வலி மாத்திரை ஆகியவற்றையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள். மயக்க மருத்துவர் இவற்றைக் கேட்பது குறை சொல்வதற்காகவன்று.

இனி, உடற்பயிற்சி. கால்களை நீட்டிப் படுத்து முழங்காலைப் படுக்கையை நோக்கி அழுத்தித் தொடைத் தசையை இறுக்கிப் பிடித்து விடுவதும், பின்தட்டுத் தசைகளை இறுக்கி விடுவதும் அறுவைக்கு மறுநாளே செய்ய வேண்டிய பயிற்சிகள். வலி குறைவாயிருக்கும் இப்போதே அவற்றைப் பழகிவிடுங்கள். கைகளை மறந்துவிடாதீர்கள். கைப்பிடியுள்ள நாற்காலியில் அமர்ந்து, இரு கைகளாலும் அழுத்தி உடலைச் சற்று மேலே தூக்கிப் பழகினால், பின்னர் வாக்கரில் எடையைத் தாங்குவது எளிதாகும். வாக்கரையும் முன்கூட்டியே வாங்கி அளவு சரிசெய்து வையுங்கள்: நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால், அதன் கைப்பிடி மணிக்கட்டு ரேகையின் உயரத்தில் இருக்க வேண்டும்.

வீட்டை மேலே ஏற்றுதல்

ஓர் அளவுநாடாவை எடுத்து, நோயாளி செருப்பின்றி நிற்கும்போது தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். அதனுடன் 2 அங்குலம் கூட்டினால் வருவதுதான் இனி அவர் அமரும் எல்லாவற்றுக்கும் உரிய உயரம். முழங்கால் மடிப்பு 17 அங்குலம் என்றால், கட்டில், நாற்காலி, கமோடு ஆகிய மூன்றும் 19 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அமரும்போது முழங்கால் எப்போதும் இடுப்பைவிடத் தாழ்ந்தே இருக்கும்.

கட்டிலை அளக்கும்போது மெத்தையின் மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கும் நிலையில் அளக்க வேண்டும், ஏனெனில் இலவம்பஞ்சு மெத்தை நன்றாகவே அமுங்கும். உயரம் போதாவிட்டால், குழி செதுக்கிய மரக்கட்டைகளை நான்கு கால்களுக்கும் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். செங்கல் அடுக்குவது வேண்டாம், கட்டில் நகர்ந்தால் சரிந்துவிடும். எந்தப் பக்கமாக இறங்க வேண்டும் என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டு, அந்தப் பக்கத்தில் வாக்கர் திரும்பும் அளவுக்கு இடம் விடுங்கள்.

நாற்காலிக்கு இரண்டு கைப்பிடிகளும் கெட்டியான இருக்கையும் வேண்டும். எல்லோர் வீட்டிலும் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி இதற்கு ஆகாது: எழும்போது ஒருபக்கக் கைப்பிடியை அழுத்தினால் அது வளையும், டைல்ஸ் தரையில் கால்கள் விரியும். சோபா அதைவிட மோசம். நலம் விசாரிக்க வருகிறவர்கள், உயரமாகவும் வசதியாகவும் இருக்கிறதே என்று அந்த ஒரே நாற்காலியில்தான் முதலில் போய் உட்காருவார்கள் என்பதையும் எதிர்பார்த்து வையுங்கள்.

குளியலறைக்கு ஒரு முழு நாளை ஒதுக்கலாம். முதலில் அதன் கதவு வாக்கரைவிட அகலமா என்று அளந்து பாருங்கள். பல வீடுகளில் வாக்கர் உள்ளே நுழையாது என்பது நோயாளி வாசலில் நிற்கும்போதுதான் தெரியவருகிறது. வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தால் அதன் மேல் பொருத்தும் உயர்த்தி இருக்கை சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். இந்தியன் டாய்லெட் மட்டுமே இருந்தால், அடிப்பகுதி திறந்த கமோடு நாற்காலியை அதன் மேலேயே நிறுத்தலாம். நான்கு கால்களும் சமமாக ஊன்ற வேண்டும், காலடியில் ரப்பர் இருக்க வேண்டும். கழுவும் குழாயோ குவளையோ குனியாமலும் பின்புறம் திரும்பாமலும் கைக்கு எட்ட வேண்டும். துண்டு போடும் கம்பி உடல் எடையைத் தாங்காது. சுவரில் ஆழமாகத் துளையிட்டு முடுக்கிய கைப்பிடிக் கம்பியே தேவை.

வாளியும் குவளையுமாகக் குளிக்கும் வழக்கத்துக்கு யாரும் முன்யோசனை செய்வதில்லை. வாளி தரையில் இருந்தால் ஒவ்வொரு குவளைக்கும் ஒருமுறை குனிய வேண்டும். ஒரு குளியலில் முப்பது, நாற்பது முறை. வாளியை அகலமான ஒரு முக்காலியின் மேல் ஏற்றி, நோயாளி உயரமான குளியல் நாற்காலியில் அமர்ந்தால், கை நீட்டியே தண்ணீர் மொள்ளலாம். முதல் சில வாரங்களுக்கு முழங்காலுக்குக் கீழே வேறொருவரே சோப்புப் போட்டுவிட வேண்டும். நீளக் காம்புள்ள தேய்ப்பான் கிடைத்தால் அதுவும் உதவும்.

சமையலறையில் அரிவாள்மனைக்குப் பதில் மேடையில் பலகையும் கத்தியும் வையுங்கள். கீழ் அலமாரியிலுள்ள அரிசி, எண்ணெய், அன்றாடப் பாத்திரங்கள் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு வரட்டும். தரைவிரிப்பு, கால்மிதி, தரையில் ஓடும் மின்கம்பி எல்லாவற்றையும் அகற்றுங்கள். பழைய வீடுகளில் அறைக்கு அறை நிலைப்படி இருக்கும். அவற்றின் மேல் பளிச்சென்ற நிறத்தில் ஒரு டேப் ஒட்டினால் இரவில் கால் தட்டாது. கீழே விழுந்த கைபேசியையும் கண்ணாடியையும் எடுக்க நீளமான இடுக்கி ஒன்று வாங்குங்கள். மலிவான பொருள்தான், ஆனால் மூட்டு பிசகுவது பெரும்பாலும் இத்தகைய ஒரு கணக் குனிதலில்தான்.

எலும்பு முறிந்து அவசரமாக அறுவை செய்யப்படும் முதியவர்களுக்கு ஆறு வார அவகாசம் கிடைக்காது. அவர்கள் மருத்துவமனையில் இருக்கும் சில நாட்களிலேயே கமோடு, கட்டில், நாற்காலி என்ற மூன்றையும் ஒருவர் முடித்துவிட வேண்டும், மற்றவை பிறகு.

மருத்துவமனையில்

மெட்டி, வளையல், தோடு, மூக்குத்தி அனைத்தையும் கழற்றச் சொல்வார்கள். பல ஆண்டுகளாகக் கழற்றாத மெட்டி விரலில் இறுகியிருக்கும். அறுவை நாள் காலையில் போராடிப் புண்ணாக்காமல், ஒரு வாரம் முன்பே சோப்பு நீரில் ஊறவைத்துக் கழற்றிவிடுங்கள். நகப்பூச்சும் விரல் நுனி மருதாணியும் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியைக் குழப்பக்கூடும். திட உணவை அறுவைக்கு ஆறு மணி நேரம் முன்பும், தண்ணீரை இரண்டு மணி நேரம் முன்பும் நிறுத்துவது பொதுவான விதி. உங்களுக்குக் கொடுத்த நேரத்தை மீறி ஒரு வாய் காபி குடித்தாலும் அறுவை தள்ளிப்போகலாம்.

பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். அன்று மாலையோ மறுநாளோ வாக்கர் துணையுடன் எழுந்து நிற்க வைப்பார்கள். ஆபரேஷன் செய்து ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் எழுப்புகிறார்களே என்று உறவினர்கள் பதறுவதுண்டு. படுத்தே இருந்தால் காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குச் செல்லும் அபாயம் இருப்பதாலேயே இந்த அவசரம். அதே காரணத்துக்காக, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பாதங்களை மேலும் கீழும் அசைக்கச் சொல்வார்கள். இரத்தம் உறையாமலிருக்க ஊசியோ மாத்திரையோ சில வாரங்கள் தொடரும். அதை இடையில் விடக் கூடாது.

வீட்டுக்குக் காரில் திரும்பும்போது முன் இருக்கையை முழுதும் பின்னால் தள்ளி, சற்றுச் சாய்த்து, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் உறையை விரியுங்கள். முதுகைக் காட்டி இருக்கையில் அமர்ந்து, உடலையும் கால்களையும் ஒன்றாகத் திருப்பி உள்ளே வந்தால் உறை வழுக்கிக் கொடுக்கும். ஆட்டோ வேண்டாம்.

முதல் ஆறு வாரங்கள்

இந்தக் காலத்தில் வீட்டார் அன்பின் மிகுதியால் செய்யும் இரண்டு காரியங்களைத் தடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, வீங்கிய காலுக்குத் தைலம் தேய்த்து உருவிவிடுவது. கெண்டைக்காலில் இரத்தக்கட்டி இருந்தால், உருவுவதால் அது பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். வீக்கம் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட நீடிக்கும்; நடப்பதற்கு இடையிடையே காலை உயர்த்தி வைத்துப் படுப்பதே அதற்கு வழி. மற்றொன்று பத்தியம். பருப்பு சீழ் பிடிக்கும், முட்டையும் மீனும் ஆகாது என்று விலக்கி, ரசமும் கஞ்சியுமாகக் கொடுக்கிறார்கள். காயம் ஆறவும் தசை வளரவும் புரதம்தான் வேண்டும். பருப்பு, சுண்டல், முட்டை, மீன், பால் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம், சிறுநீரக நோய் போன்ற வேறு தடை இல்லாவிட்டால். வலி மாத்திரைகளால் மலச்சிக்கல் வரும் என்பதால் கீரை, பழம், தண்ணீர் மூன்றும் குறையாமல் இருக்கட்டும்.

எழும்போது அறுவை செய்த காலைச் சற்று முன்னே நீட்டி, நாற்காலியின் கைப்பிடிகளை அழுத்தி எழுந்து, அதன் பின்னரே வாக்கரைப் பிடியுங்கள். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் அது நோயாளியின் மேலேயே சாயும். திரும்பும்போது அந்தக் காலின் மேல் சுழலாமல், சிறு சிறு அடிகளாக எடுத்துவைத்துத் திரும்ப வேண்டும். யாரோ கூப்பிட்டார்கள் என்று சட்டென்று இடுப்பைத் திருப்பிப் பார்ப்பது பழக்கத்தால் வருவது. ஆகவே வீட்டார் நோயாளியின் முன்னால் வந்து பேசப் பழகட்டும். மல்லாந்து உறங்கும்போதும், நல்ல பக்கமாக ஒருக்களிக்கும்போதும் தொடைகளுக்கிடையே ஒரு தலையணை இருக்கட்டும்.

மாடிப்படியில் ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில், கைத்தடி அதனுடனேயே. வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது, அறுவை செய்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கையில் தடியைப் பிடிக்க வேண்டும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். வலது காலில் நிற்கும்போது உடல் இடப்பக்கமாகச் சரியாமல் வலது இடுப்பின் பக்கத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. இடது கையிலுள்ள தடி அந்தப் பாரத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வதால், அந்தத் தசைகளுக்கு ஓய்வு கிடைக்கிறது.

சேலையின் கொசுவமும் தரையைக் கூட்டும் நைட்டியும் லுங்கியின் முனையும் வாக்கரில் மாட்டும். கணுக்காலுக்கு மேல் நிற்கும் உடையே பாதுகாப்பு. பின்பட்டை உள்ள, வழுக்காத செருப்பு வேண்டும். தையலை 12 முதல் 14 நாட்களில் பிரிப்பார்கள். அதுவரை காயத்தில் மஞ்சளோ விபூதியோ எண்ணெயோ படக் கூடாது.

பின்வருவனவற்றில் ஒன்று நேர்ந்தாலும் காத்திருக்காதீர்கள். காயத்திலிருந்து நீர் அல்லது சீழ் கசிவது, காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் சிவப்பு ஆகியவை தொற்றைக் குறிக்கலாம். அறுவை செய்த மருத்துவரிடமே போக வேண்டும், தெருமுனையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கினால் நோயறிதல் சிக்கலாகும். கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் தோன்றினால் அன்றே காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, அல்லது திடீரென்ற கடும் வலியுடன் கால் குட்டையாகி ஊன்ற முடியாமல் போவது என்றால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். பிசகிய மூட்டை வீட்டிலோ நாட்டு வைத்தியரிடமோ இழுத்துச் சரிசெய்ய முயலக் கூடாது.

ஆறு வாரங்களுக்குப் பின்னால்

பலருக்கு இரவு வலி, அதாவது தூக்கத்தைக் கெடுத்த அந்த ஆழமான மூட்டு வலி, அறுவைக்குப் பின் வெகு விரைவிலேயே மறைந்துவிடுகிறது. எஞ்சுவது காயத்தின் வலி. இதை முன்கூட்டியே எதிர்பார்த்து மகிழலாம். நொண்டல் மட்டும் உடனே போகாது. ஆண்டுக்கணக்கில் ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்த உடலின் தசைகள் மீண்டும் நேராகப் பழக மூன்று மாதமோ ஆறு மாதமோ ஆகும். பயிற்சியைப் பாதியில் விட்டவர்களுக்கு வலி போயும் நொண்டல் தங்கிவிடுகிறது. ஒரு கால் நீண்டுவிட்டது போன்ற உணர்வும் முதல் மாதங்களில் பலருக்கு இருக்கும். பெரும்பாலும் அது தானே குறைந்துவிடும். மருத்துவர் அளந்து சொல்லாமல் செருப்பில் உயரம் சேர்க்காதீர்கள்.

அமர்ந்து செய்யும் வேலைக்கு ஏறக்குறைய ஆறு வாரத்திலும், நின்று உழைக்கும் வேலைக்கு மூன்று மாதத்திலும் திரும்பலாம். கார் ஓட்டவும், தாம்பத்திய உறவுக்கும் ஆறு வாரம் போல ஆகும். மருத்துவரிடம் கேட்கத் தயங்குவதால் இரண்டாவதை மாதக்கணக்கில் அஞ்சி ஒதுக்கிவிடுகிறார்கள்; கேட்டால் எந்த நிலைகள் பாதுகாப்பானவை என்று விளக்குவார்கள். ஸ்கூட்டரின் பின்னால் ஒருபக்கமாக அமர்வது இடுப்பை முறுக்கும் என்பதால் அதற்கு அவசரப்பட வேண்டாம். நடை, நீச்சல், உயரம் சரிசெய்த சைக்கிள் ஆகியவை நல்லவை. ஓட்டமும் குதித்தலும் மூட்டைத் தேய்க்கும். டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி 2019 ஜனவரியில் இடுப்பு அறுவை செய்துகொண்டு அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்வெர்ப்பில் பட்டம் வென்றதை உதாரணம் காட்டுவார்கள். அவர் செய்துகொண்டது எலும்பின் தலையை நீக்காமல் உலோகத் தொப்பி பொருத்தும் வேறொரு அறுவை. அவர் தொழில்முறை வீரரும்கூட. நமக்குப் பொருத்தமான உதாரணம், ராணி இரண்டாம் எலிசபெத்தின் தாயார்: 1995-ல், 95 வயதில் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு, 101 வயது வரை வாழ்ந்தார்.

இனி உங்களுக்கென்று சில இலக்குகளை எழுதி வையுங்கள். ஓராண்டுக்குள் திருப்பதி மலையைப் படியேறிவிடுவேன் என்று தொடங்காமல், பால் பூத் வரை நடப்பது, பேருந்தில் ஏறி இறங்குவது, கல்யாண வீட்டில் மேசைப் பந்தியில் அமர்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவது என்று படிப்படியாகச் செல்லலாம். கோயிலில் நாற்காலியில் அமர்ந்து வழிபடவும், மசூதியில் நாற்காலியில் தொழவும் தயக்கம் வேண்டியதில்லை. கோலத்தை விட மனமில்லாதவர்கள் உயர்ந்த திண்ணையிலோ மேசை மேல் வைத்த பலகையிலோ இழுத்துப் பார்க்கலாம்.

வாழ்நாள் முழுதும் கைவசம் இருக்க வேண்டிய கோப்பு

பொருத்தப்பட்ட மூட்டின் தயாரிப்பாளர், மாதிரி, அளவு, தொகுப்பு எண் அச்சிட்ட ஒட்டுத்தாள்கள் அறுவைக் குறிப்பில் ஒட்டப்பட்டிருக்கும். வீடு திரும்பும் நாளில் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். டெப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். வகை இடுப்பு மூட்டுகள் குறைபாட்டால் 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டபோது, தங்கள் உடலில் இருப்பது எது என்பதை அறிய இந்தத் தாளே நோயாளிகளுக்குத் தேவைப்பட்டது. பத்து, இருபது ஆண்டுகள் கழித்து மறு அறுவை வேண்டியிருந்தாலும், எந்தக் கருவியைக் கொண்டு பழையதைக் கழற்றுவது என்பதை அந்த மருத்துவர் இதைப் பார்த்தே முடிவு செய்வார்.

பல் மருத்துவரிடமும், ஊசி போடும் செவிலியரிடமும், எம்.ஆர்.ஐ. எடுப்பவரிடமும் செயற்கை மூட்டு இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். அறுவை செய்த பக்கப் பிட்டத்தில் ஊசியைத் தவிர்க்கக் கேட்கலாம். கொப்புளமோ சிறுநீர்த் தொற்றோ வந்தால், எத்தனை ஆண்டுகள் கழிந்திருந்தாலும் உடனே சிகிச்சை எடுக்க வேண்டும். விமான நிலைய வாயிலில் கருவி ஒலி எழுப்பும். மருத்துவர் சான்று இருந்தாலும் கையால் சோதிப்பார்கள், ஆகவே அரை மணி முன்னதாகவே செல்லுங்கள். ரயிலில் கீழ்ப் படுக்கையும், வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கும் முனைக்கு அருகிலான இடமும் கேட்டுப் பெறுங்கள்.

ஆறு வாரம், ஓராண்டு, அதன்பின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை என எக்ஸ்ரே எடுத்துக் காட்டச் சொல்வார்கள். வலி இல்லாதபோது எதற்கு என்று அதை விட்டுவிடுபவர்களே அதிகம். மூட்டு தளர்வதும் அதைச் சுற்றியுள்ள எலும்பு கரைவதும் வலி தொடங்குவதற்கு முன்பே எக்ஸ்ரேயில் தெரியக்கூடும். அந்த நிலையில் செய்யும் மறு அறுவை சிறியதாக முடியும். எடுத்த எக்ஸ்ரேக்களைத் தேதி வாரியாக அதே கோப்பில் வையுங்கள், ஏனெனில் மருத்துவர் பார்ப்பது முந்தைய படத்துக்கும் இன்றைய படத்துக்கும் உள்ள வேறுபாட்டையே.